உரிக்காத உறை

புதுச் சாமான் வாங்கினால் அதன் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையை உரிக்க எனக்கு மனம் வராது. அதோ அந்தக் கால்குலேட்டரைப் பாருங்கள். வாங்கி ஆறு வருடமாகிறது. திரையின் மேல் உறை இன்னும் இருக்கிறது. ஓரமெல்லாம் சுருண்டு தூசி ஏறிவிட்டது. “அதை உரிச்சா வீடு இடிஞ்சு விழுந்துடுமாப்பா?” என்று என் மகள் கேலி செய்வாள்.

அவள் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், வர ஒரு மணி நேரமாகும். நீங்கள் அவளுடைய கம்ப்யூட்டரின் மதர்போர்டைத் தயாரித்த கம்பெனியின் எஞ்சினியர். அந்த போர்டு எரிந்தது ஏன் என்று பார்க்க வந்திருக்கிறீர்கள். உறையை உரிக்க மறந்தது தான்தான் என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். அவள் மறக்கவில்லை. அந்த வேலையைச் செய்தது நான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ப்ராசஸரை அதற்குச் சொன்ன வேகத்துக்கு மேல் முடுக்கி ஓட்டுவதில் என் மகள் கெட்டிக்காரி. ஓவர்கிளாக் என்று அதற்கே போட்டிகள் நடக்கின்றன. வேகம் கூடக் கூட ப்ராசஸருக்குப் பசி கூடும். அந்த மின்சாரத்தை அளந்து ஊட்டுவது பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ரெகுலேட்டர் சிப்புகள். எல்லோரும் ப்ராசஸரைத்தான் குளிர வைப்பார்கள். ஊட்டுகிறவனைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அவளுக்கு உண்டு. சிப்புகள் மேல் சூட்டை மேலே கடத்த மெத்தை போன்ற தெர்மல் பேட், அதன் மேல் அந்தச் சூட்டை வாங்கி வெளியே விடும் அலுமினிய ஹீட் சிங்க், அதைப் பார்த்து ஒரு சின்ன விசிறி. எப்போதும் அதைத்தான் முதலில் சரி பார்ப்பாள்.

பேடின் இரண்டு பக்கமும் கண்ணுக்கே தெரியாத ஒரு உறை இருக்கும். உரிக்காமல் வைத்தால் சூடு மேலே ஏறாது. இந்தத் தொழிலில் அதை ஒரு தடவையாவது மறக்காதவர் கிடையாது. மறந்தவனை ஒரு வாரம் ஓட்டு ஓட்டென்று ஓட்டிவிட்டு விட்டுவிடுவோம். அதனால்தான் அவள் சொன்னதை நீங்களும் சட்டென்று நம்பினீர்கள்.

வீட்டில் அவளை எறும்பு என்றுதான் கூப்பிடுவேன். ஐந்து வயதில், நான் வேலை செய்யும் மேசைக்குக் கீழே விழுந்த திருகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து கொடுப்பாள். அவள் அம்மா இறந்த பிறகு இருபது வருடம் இந்த ரிப்பேர் கடையிலும் மேலே இருக்கும் இரண்டு அறைகளிலும் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் ஷட்டரை அவள் ஒரு பக்கம் பிடிப்பாள், நான் ஒரு பக்கம். தனியாகத் தூக்கினால் அது கோணிக்கொள்ளும்.

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. போட்டியின் கடைசிச் சுற்றில் ஜெயித்தால் வெளிநாட்டில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை. நுண்ணோக்கி வைத்துச் சிப்புகளைப் பார்க்கிற வேலை. கடிதத்தை மூன்று தடவை சத்தமாகப் படித்தாள்.

“நீங்க சந்தோஷமா இருக்கீங்கல்லப்பா?”

“இருக்காதா பின்னே” என்றேன். அன்றே பழைய டிவி ஒன்றைப் பழுது பார்க்க எடுத்து, பிரித்து, திரும்ப மூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஷட்டரை இனி யார் பிடிப்பார்கள் என்றுதான் யோசித்தேன். இதை நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை.

போட்டி அன்று காலை அவளுக்கு ஆயிரம் வேலை. “அப்பா, ரெகுலேட்டர் மேல பேடை மட்டும் வெச்சு மாட்டிடறீங்களா? உங்க கை பட்டா எனக்குப் பயமில்ல” என்றாள். மேல் பக்க உறையை உரித்துப் பேடை ஹீட் சிங்கில் ஒட்டினேன். கீழ்ப் பக்க உறையின் மூலையை நகத்தால் கிளப்பினேன். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தேன். பிறகு கட்டை விரலால் அதைத் திரும்ப அழுத்தி ஒட்டிவிட்டேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள், அந்த மூலையில் மட்டும் சின்ன மடிப்பு இருக்கும். திருகுகளையும் அரைச் சுற்று தளர்வாகவே விட்டேன். ஒன்றென்றால் மறதி என்று சொல்லலாம். இரண்டுக்கும் சேர்த்து அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போர்டு சூடாகி நடுவில் அணைந்துவிடும், அவள் தோற்பாள், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், பிறகு சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். வேறு எதுவும் நினைக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடையிலிருந்தே இணையம் வழியாகத்தான் போட்டி. பகல் பதினோரு மணிக்கு ஆரம்பித்தார்கள். கேமரா முன்னால் அவள், பின்னால் ஸ்டூலில் நான். அந்த போர்டில் ரெகுலேட்டரின் சூட்டை எண்ணாகக் காட்டும் வசதி இல்லை. அதனால் அவளுக்கு ஒரு பழக்கம்: ஒவ்வொரு படி ஏற்றும்போதும் ஹீட் சிங்கை விரலால் தொட்டுப் பார்ப்பாள். அது சுட்டால் நிறுத்துவாள். அன்று அது சுடவே இல்லை. எப்படிச் சுடும்? சூடெல்லாம் அடியிலேயே நின்றுவிட்டது.

“இவ்வளவு ஏத்தியும் ஜில்லுனு இருக்கேப்பா. நீங்களும் தொட்டுப் பாருங்களேன்.”

தொட்டேன். குளிர்ந்த அலுமினியம். இந்தத் தொழிலில் முப்பது வருடம் இருக்கிறவனுக்கு அதன் அர்த்தம் தெரியாதா?

“நல்லா இருக்கும்மா. தைரியமா ஏத்து” என்றேன்.

அவள் சிரித்தாள். கடைசிப் படிக்கு முன்னால், சூடு மீறினால் தானே அணைந்துவிடும் பாதுகாப்பை நிறுத்தினாள். போட்டியில் எல்லோரும் செய்வதுதான். திரையில் அவள் அதை நிறுத்தியதை நான் பார்த்தேன். இனி அணையாது என்று எனக்குத் தெரியும். அவளுடைய பாதுகாப்புக் கண்ணாடி ஆணியில் தொங்கியது. அது என் கைக்கு எட்டுகிற தூரம். ஸ்டூலில் இருந்து நான் எழுந்திருக்கவில்லை.

ஏதோ தீய்ந்த வாசனை வருகிறதென்று அவள் குனிந்து பார்த்தாள். ஒரு சிப் வெடித்தது. சத்தம் பெரிதாக இல்லை, பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதன் துண்டு வலது கண்ணில் பட்டது. “அப்பா” என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவில்லை. அந்தக் கண்ணில் இனி பார்வை வராது என்று டாக்டர் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்து, “விடுங்கப்பா, இன்னொண்ணு இருக்கே” என்றாள். எனக்கு அழக்கூட யோக்கியதை இல்லை என்று தெரிந்தும் அழுதேன்.

வெளிநாட்டுக்காரர்கள் வருத்தம் தெரிவித்து எழுதினார்கள். இப்போது காலையில் ஷட்டரை நாங்கள் இரண்டு பேரும்தான் தூக்குகிறோம்.

நான் செய்ததை நான்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளிடம் மட்டும் சொல்லாதீர்கள். அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் தாங்க மாட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்தாம் நாள் அந்த போர்டை அவளே பிரித்துப் பார்த்தாள். உறையை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த மூலையை விரலால் தடவினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “நான்தான் உரிக்க மறந்துட்டேன் போல” என்றாள். பாவம், தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள்.

நான் அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு நான்கு தடவை கண்ணுக்குச் சொட்டு மருந்து. முதல் பத்து நாள் நான்தான் விட்டேன். போர்டைப் பிரித்த மறுநாளிலிருந்து, “குடுங்கப்பா, நானே போட்டுக்கறேன்” என்று வாங்கிக்கொள்கிறாள். புதுப் பாட்டிலென்றால் இருக்கிற கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பெயரைப் படிப்பாள், மூடியைச் சுற்றியுள்ள உறை பிரியாமல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பாள், பிறகுதான் திறப்பாள். ஆஸ்பத்திரிக்கும் தனியாகவே போய் வருகிறாள். எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறாள், வேறொன்றும் இல்லை.