மெட்டக்காவின் இடது காது

மேடையில் வீற்றிருக்கும் இசைக் கலைஞர்கள் சங்கத் தலைவர் அவர்களே! இசையமைப்பாளர் தம்பி அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே! வாத்தியங்களை வீட்டில் வைத்துவிட்டு இன்று வெறுங்கையோடு வந்திருக்கும் என் தோழர்களே! எல்லோருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மற்றவர்கள் வாசிப்பதைப் பதிவு செய்பவன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என் வாழ்நாளில் பாதியை ஆட்டி வைத்தவர், மெட்டுப் போடுவதால் நாம் எல்லோரும் மெட்டக்கா என்று கூப்பிட்ட நம் அக்கா. திரைக்கும் தொலைக்காட்சிக்கும் இசையமைத்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அக்காவைப் போல் ஒருவர்? இல்லை!

தொலைக்காட்சித் தொடரில்தான் அவர் தொடங்கினார். அந்த நாளில் தொடர் என்றால் இசை எப்படி இருக்கும்? மாமியார் திரும்பிப் பார்த்தால் இடி, மருமகள் திரும்பிப் பார்த்தால் மின்னல்! இயக்குநர் ஒருவர், "இன்னும் சத்தமா வேணும்க்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார்: "அந்தம்மா கதவைத் திறந்ததுக்கே இடி விழுந்துடுச்சு. நாளைக்கு நிஜமாவே அவங்க தலையில இடி விழுந்தா நான் எங்க போறது?" கூடமே சிரித்தது, இயக்குநரும் சிரித்தார். மறுநாள் முதல் அந்த மாமியாருக்குப் பின்னால் ஒரே ஒரு புல்லாங்குழல். பார்த்தவர்களுக்கு அப்போதுதான் அவள்மேல் பயமே வந்தது!

அந்தத் தொடர்தான் அவருக்குத் திரைப்படத்தின் கதவைத் திறந்தது. படம் மேல் படம் வந்தது. பிறகு வந்தது அந்தச் சுரங்கப் படம். உங்களில் பார்க்காதவர் உண்டா? பின்னணி இசை பாதி முடிந்திருந்த நேரம். ஒருநாள் காலையில் கண் விழித்தபோது அக்காவுக்கு வலது காது கேட்கவில்லை. இனித் திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இசையமைப்பாளருக்குக் காது போவது என்றால் என்ன? அன்பர்களே, யோசித்துப் பாருங்கள்!

அக்கா மறைக்கவில்லை. எங்கள் எல்லோரையும் கூடத்துக்கு நடுவே கூப்பிட்டார். "வலது காது போயிடுச்சுப்பா. இடது நல்லாத்தான் இருக்கு. யாருக்காவது பயமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார். நாங்கள் யாரும் அசையவில்லை. ஆனால் தயாரிப்பாளர் பயந்தார். "நீங்க ஓய்வெடுங்கக்கா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அப்போது கொடிகட்டிப் பறந்த இன்னொரு இசையமைப்பாளரிடம் படத்தைக் கொடுத்துவிட்டார்.

அந்த இன்னொருவர்தான் இதோ மேடையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் தம்பி.

வேலையை ஒப்படைக்க அக்கா தானே கூடத்துக்கு வந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "வா தம்பி, இதுவரைக்கும் முடிச்சதைக் கேளு" என்று ஹெட்போனை நீட்டினார். சுரங்கத்திலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக மேலே வருகிறார்கள். கணவன் முகத்தைத் தேடிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். அந்தக் காட்சிக்கு அக்கா போட்டிருந்தது அடிக்குரலில் ஒரு செல்லோ வாத்தியம், ஒரு பெண்ணின் மூச்சுச் சத்தம், அவ்வளவுதான். அந்தப் பெண் அழுவதற்கு முன்பே இசை நின்றுவிடும்.

தம்பி ஹெட்போனைக் கழற்றினார். கூட வந்திருந்த தயாரிப்பாளரைப் பார்த்து, "இதுல நான் கை வைக்க மாட்டேன் சார். இவங்கதான் முடிக்கணும். வலது பக்கம் கேக்கலைன்னா, அந்தப் பக்கம் நான் உக்காந்துக்கறேன்" என்றார்.

அக்காவின் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "உக்காரு தம்பி. ஆனா அந்தப் பக்கத்திலேர்ந்து நீ என்ன யோசனை சொன்னாலும் எனக்குக் கேக்காது, பரவாயில்லையா?"

உட்கார்ந்தார்! தன் சொந்தப் படங்களைத் தள்ளி வைத்துவிட்டு, படம் முடியும்வரை அக்காவின் வலது பக்கம் உட்கார்ந்தார். திரையில் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். படம் ஓடியது, அக்காவின் பெயர் நின்றது. தெருவில் நடக்கும்போது அந்த வலது பக்கத்தை அவர் கணவர் எடுத்துக்கொண்டார். வண்டி வந்தால் சத்தம் போடமாட்டார், மெல்லத் தோளைத் தொடுவார். அப்படியே நடந்து நடந்து அதற்குப் பிறகும் எத்தனை படங்கள், எத்தனை தொடர்கள்! ஒரு காதை வைத்துக்கொண்டு அவர் கேட்டதை இரண்டு காதும் உள்ள நாம் கேட்டோமா?

கடைசியாகக் குழந்தைகள் தொடர் ஒன்றுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தார். மெட்டுகள் எல்லாம் தயார்; பதிவுதான் பாக்கி. அதற்குள் நோய் அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டது; மருத்துவமனைக்குப் பார்க்கப் போனேன். இடது பக்கம் போய் நின்றேன்.

"பதிவு நின்னுடுச்சா?" என்றார்.

"இல்லக்கா, எல்லாரும் வந்துட்டாங்க."

"அப்ப நீ ஏன் இங்க நிக்கறே?"

அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

தொலைக்காட்சி நிறுவனத்தார் மீதிப் பதிவை வாசிக்க ஆளே இல்லாமல் கணினியில் முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கூடாது! அவர் மெட்டுகளை மனிதர்கள் வாசிப்பார்கள், ஒரு சுரம் மாறாமல் வாசிப்பார்கள். நடத்தித் தருவதாகத் தம்பி வாக்குக் கொடுத்திருக்கிறார். தோழர்களே, நீங்களும் கொடுப்பீர்களா? உங்கள் முகமே சொல்கிறது.

அக்கா, உங்களைப் பற்றிப் பேச இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் இதற்குமேல் இங்கே நின்றால் நீங்கள் திட்டுவீர்கள். நாளைக் காலையில் எங்களுக்குப் பதிவு இருக்கிறது. நாங்கள் கிளம்புகிறோம்.