வர்றவங்க தப்பிச்சிடுவாங்க

விழுப்புரத்தில் பஸ் கிளம்பியதுமே முன்சீட்டிலிருந்து கேட்டது.

"சோபாவ வாசலுக்கு நேரா போட்டா, வர்றவங்க தப்பிச்சிடுவாங்கக்கா."

முழங்காலில் பட்டை கட்டிய, தூண் மாதிரியான ஆள். மடியில் வீட்டு வரைபடம். பக்கத்தில், கழுத்தில் சிலுவை டாலர் போட்ட அம்மாள்.

"இன்னா தம்பி பேசறே? வர்றவங்க என் பொண்ணைப் பாக்க வர்றாங்க. கபடிய விட்டுட்டு இண்டீரியர் டிசைன் பண்றேன்னியேன்னு மொத வேலைய உனக்குக் குடுத்தா, எங்க ஹால்லயும் கபடியே ஆடிக்கினு இருக்கறே."

"கோவப்படாதீங்கக்கா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு உள்ளாற, மாதா படத்துக்குக் கீழ சோபா. நடுவுல டீப்பாய். வலது மூலையில மாமா, இடது மூலையில நீங்க. எழுந்தாங்கன்னா உங்க ரெண்டு பேரையும் தாண்டித்தான் வாசலுக்குப் போவணும்."

"பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"மூலையில நின்னே ஆள் புடிச்சவன் சொல்றேன்க்கா."

கூட்டேரிப்பட்டில் இறங்க எழுந்தபோது அந்த அம்மாள் சொன்னார்.

"போன வாட்டி வந்தவங்க பஜ்ஜியெல்லாம் தின்னுட்டு, 'போய் சொல்லி அனுப்பறோம்'னு போனாங்க. இன்னும் ஒரு போன் இல்ல. நீ சொன்ன மாதிரியே போடு. ஆனா எங்க வீட்டுக்காரர மூலையில வுடாத. அவரு கையக் கூப்பி வழி வுட்டுடுவாரு. அங்க என் நாத்தனாரப் போடு."