எங்கூட்டுக் கல்வட்டம்

...நானா அம்மணி அந்தக் காரை உங்க டிரைவ்வேல கொண்டாந்து நிறுத்தச் சொன்னேன்? நீங்களே சொல்லுங்க! இருங்க, இருங்க, உள்ள வாங்க. கதவுகிட்டயே நின்னா எப்படி? அது ஃப்ரீமான்ட்ல இருந்து வந்த புள்ளயோட காரு. இப்பத்தான் நாலாவது சுத்துல இருக்குது. பாதில நிறுத்தக்கூடாதாம்! ஒம்போதும் முடிச்சாத்தான் காரை எடுக்குமாம். நீங்க ஆபீஸ் போனா என்ன, போகாட்டி அதுக்கென்ன...

சண்முகப்ரியாதானே பேரு? குடிவந்து ரெண்டு வாரம் இருக்குமா? நான் நாகரத்தினம், ஈரோட்டுப்பக்கம். அந்தா, ஜன்னல் வழியாப் பாருங்க, எங்கூட்டுக்காரரு. சேனாபதி. எல்லாம் அவரு பண்ணுன வேலை! ரிடையர் ஆன சிவில் இஞ்சினியரு, மகன் வீட்டுல சும்மா உக்காரத் தெரியுதா? ஊர்ப்பக்கம் காட்டுக்குள்ள ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின கல்வட்டம் கெடக்குதுங்க. செத்தவங்களப் பொதச்சுட்டு சுத்தியும் கல்லு நட்டு வெச்சது. அதை டேப் வெச்சு அளந்து எழுதிட்டு வந்து, அச்சு அசலா, இங்க சான் ரமோன்ல, பேக்யார்டுல! பதினாலு கல்லு! நான் தக்காளி போட்டிருந்த எடம் அம்மணி அது! ஒரு கல்லு ரெண்டு இஞ்ச் தள்ளிப்போச்சுன்னு மூணு நாளு சோறு எறங்கல மனுசனுக்கு.

சரி, கல்லு கல்லாட்டம் கெடந்தாத் தேவலையே. ஜூன் மாசம் வெள்ளக்காரப் பொம்பளைங்க ஆறு பேரு, வருசத்துலயே நீளமான நாளு, சூரியன் பொறக்கறதப் பாக்கோணும்னு காலைல அஞ்சு மணிக்குக் கொட்டு மேளத்தோட வந்துட்டாங்க. பனிமூட்டத்துல சூரியனையே காணோம்! காப்பி நாந்தான் போட்டுக்குடுத்தேன். போன வாரம் ஒருத்தரு ஒரு கேலன் பாலைக் கல்லு மேல ஊத்திட்டாரு. எறும்பு வந்துச்சு. அதுக்கப்பறம் பூனையாட்டம் ஒரு பிராணி, ஸ்கங்க்காம், அது வந்துச்சு. அந்த நாத்தம்... உங்கூட்டுக்கும் வந்திருக்குமே? வந்துச்சா? நெனச்சேன்.

இவரு சும்மா இல்லீங்க. ஒவ்வொருத்தருகிட்டயும் போயி, "ஐயா, இது கோயில் இல்ல, பொதகுழி மாதிரி, கும்பிடாதீங்க"ன்னு சொல்றாரு. அதக் கேட்டு சான்டா கிளாரால இருந்து வந்த ராமசுப்ரமணியன், "ஓஹோ, ஜீவசமாதிங்களா!"ன்னு நெடுஞ்சாண்கெடையா விழுந்துட்டாரு. அடுத்த வாரம் கூட்டம் ரெட்டிப்பு!

இப்ப ஹெச்ஓஏ, அதான் இந்தக் குடியிருப்புச் சங்கம், லெட்டர் அனுப்பிருக்குது. வெள்ளிக்கெழமைக்குள்ள கல்லையெல்லாம் எடுக்கோணுமாம். இவரு படிச்சாரு. கல்லுகளுக்கு நடுவுல சேர் போட்டு உக்காந்தவருதான், சாப்பிடக்கூட வரல. சுத்த வந்தவங்க அவரையும் சேத்துல்ல சுத்துறாங்க!

யாரு கெளப்பிவிட்டதா? நல்லாக் கேட்டீங்க. அடுத்த தெரு காமாக்ஷிதான்! அவளோட வாட்ஸாப் குரூப்புல... அவளுக்கு யாரு சொன்னாங்களா? அது... அது வந்துங்க... கடைல முருங்கக்காய் பொறுக்கிட்டிருந்தேன். "என்ன, உங்காத்துல வீடு இடிச்ச கல்லு கொட்டிருக்கு?"ன்னு அத்தன பேரு முன்னால சிரிச்சா. ஒடம்பெல்லாம் எரிஞ்சுபோச்சு எனக்கு. என்ற புருசனை நான் திட்டுவேன். அவ யாரு? "அது சும்மா கல்லு இல்ல. ஒம்போது சுத்து சுத்துனேன், பதிமூணு வருசமா வராத கிரீன் கார்டு எங்க மகன் தீபக்குக்கு வந்துருச்சு"ன்னு வாய்க்கு வந்ததச் சொல்லிப்போட்டேன். வீடு வந்து சேர்றதுக்குள்ள நாலு குரூப்புல சுத்திருச்சு.

கார்டு வந்தது நெசந்தாங்க! மார்ச்சுல வந்துச்சு.

கல்லு... மே மாசந்தான் எறங்குச்சு.

இத அவருகிட்டக்கூட இன்னும் சொல்லல. நாளைக்கு ஹெச்ஓஏ மீட்டிங்குல நானே எந்திரிச்சு சொல்லிடறேன். பொய் சொன்னது நாந்தான், அந்த மனுசன் மேல ஒரு தப்புமில்ல, கல்லை விட்டுருங்கன்னு. காமாக்ஷி சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறா. சுத்துனா ஒண்ணும் நடக்காது, வெறுங்கல்லுன்னு நீங்களும் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மணி, நீங்க பக்கத்து வீடு...

என்ன, ஜன்னலையே பாக்கறீங்க? உங்களுக்குக் கார்டு இன்னும் வரலையா? எத்தன வருசமா? பதினொண்ணா! அட சாமி...

அம்மணி? இப்பத்தானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்... அம்மணி! கல்லுகிட்டப் போயி செருப்ப எதுக்குக் கழட்டறீங்க?