எலி ஏன் பின்னால் நடக்கிறது

பகலில் தூங்கப் பழகிக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் யாரும் தறிக்கு அடுத்த வீட்டில் படுத்துப் பார்த்தவர்கள் இல்லை. நான் மூன்று வருஷம் படுத்தேன். ஆரணி அரிசி ஆலை ஒன்றில் எனக்கு ராத்திரி ஷிப்ட். நெல் அவிக்கும் பாய்லர் என் பொறுப்பு. காலை ஏழு மணிக்கு வந்து பாயை விரிப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் வீரபாகு தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து பட்டு நெய்ய ஆரம்பிப்பார். தறிச் சத்தம் நிமிஷத்துக்கு நாற்பது அடி. படுத்தபடி எண்ணுவேன்.

எண்ணுவது பழைய பழக்கம். எழுபத்து நாலில் மெட்ராஸில் மருந்தியல் படித்தபோதும் அதைத்தான் செய்தேன். இல்லாததை இருப்பதாகக் காட்டும் எல்.எஸ்.டி. என்ற மருந்தை வெள்ளெலிகளுக்கு ஊசியில் ஏற்றுவோம். பத்து நிமிஷத்தில் எத்தனை தடவை தலையை உதறுகின்றன என்று குறிக்க வேண்டும். உதறும். வெறும் காற்றை மோந்து பார்க்கும். சில எலிகள் கூண்டின் மூலைவரைக்கும் திரும்பாமல் பின்னாலேயே நடக்கும். எதைப் பார்த்து அப்படி நடக்கின்றன என்று பேராசிரியரைக் கேட்டேன். "எலியையே கேளு" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை.

எண்ணி முடித்ததும் எலியின் கழுத்தை முறித்து மூளையை எடுக்க வேண்டும். அது என்னால் ஆகவில்லை. நாங்கள் போளூர்ப் பக்கத்து ஜைனர்கள், நயினார்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிடுவதில்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர் எதுவும் நம் வயிற்றுக்குள் போய்ச் சாகக் கூடாது. என் பங்குக்கு வந்த பதினோரு எலிகளையும் ஹாஸ்டலுக்குப் பின்னால் திறந்துவிட்டேன். படிப்பு அத்தோடு போயிற்று. கறுப்புத் தாள் சுற்றிய ஒரு மருந்துக் குப்பி மட்டும் என்னோடு ஊருக்கு வந்தது.

ஆலையில் எலிக்கு விஷம் வைக்கச் சொன்னார்கள். நான் பொறியில் பிடித்து வயலில் கொண்டுபோய் விட்டேன். கூட வேலை செய்த தனகோடி, "இன்னா நயினாரே, பஸ் சார்ஜும் குடுத்து அனுப்புறதுதானே" என்பான். வெறும் வயிற்றோடு விடிய விடிய நின்றுவிட்டு, பொறியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போவேன்.

வீரபாகுவுக்கு அடிக்கடி வயிறு கெட்டுப்போகும். அவர் மனைவி ராஜம்மாள் ஒருநாள் சொம்போடு வந்து நின்றாள்.

"ஒங்க வூட்டுத் தண்ணி சுத்தங்க. தெனம் ஒரு சொம்பு குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்."

கொடுத்தேன். வயிறு சரியாயிற்று. அதிலிருந்து தறியில் உட்காருமுன் நான் வடிகட்டிய தண்ணீரைத்தான் அவர் குடிப்பார். ஒரு வருஷம் வெறும் தண்ணீர்தான் கொடுத்தேன். இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் யோசித்தேன். எலியால் சொல்ல முடியாது. மனுஷன் சொல்வார். அவர் கழுத்தை யாரும் முறிக்க வேண்டியதில்லை.

முதல் தடவை அவர் சொம்பில் மருந்து மிகக் கொஞ்சம். நாற்பது அடி முப்பத்தொன்று ஆயிற்று, நடுநடுவே நின்றது. சாயங்காலம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

"பாவுல கலர் ஓடுது நயினாரே. செவப்பு நூலு பாடுச்சுன்னா நீ நம்புவியா?"

நம்புவேன் என்றேன்.

"அப்ப ரெண்டு பேருக்கும் மறை கழண்டுகிச்சு" என்று சிரித்தார். அறைக்கு வந்து அதையும் நோட்டில் எழுதினேன்.

இரண்டாம் தடவை அழுதார். சேலையின் கரை கோணிப்போய், முதலாளி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். ராஜம்மாள் பயந்துபோய்ப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலிலிருந்து விபூதி கொண்டுவந்து தினமும் தண்ணீரில் கலந்து கொடுத்தாள். நான் கொடுத்த தண்ணீரில்தான் கலந்தாள்.

மூன்றாம் தடவை போன வெள்ளிக்கிழமை காலை. கொஞ்சம் கூட்டினேன். ஒன்பதரைக்குத் தறி நின்றது. எழுந்து ஜன்னலில் நின்றேன். வீரபாகு கொல்லைக்கு வந்தார், முகம் வீட்டைப் பார்த்தபடி, காலைப் பின்னால் பின்னால் வைத்து. "கிட்ட வராத. நூலெல்லாம் எழுந்து வருதே, கிட்ட வராத" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். துரத்துகிற நூலிலிருந்து கண்ணை எடுக்கப் பயம். அதனால் திரும்பாமல் விலகுகிறார். எலி ஏன் பின்னால் நடக்கிறது என்று நாலு வருஷம் கழித்து எனக்குத் தெரிந்தது.

அவருக்குப் பின்னால் கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது. பதினான்கு அடி வைத்தார். கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார். கூப்பிட்டால் நான் குறுக்கிட்டதாகிவிடும். அதுவரை பார்த்ததற்கு மதிப்பு இருக்காது. நேரத்தைக் குறித்துக்கொண்டு படுத்தேன். கிணற்றிலிருந்து அவர் உடலை மேலே தூக்கிய கூச்சலிலும் தூங்கினேன்.

மருமகள் தண்ணீரில் இடுமருந்து கலந்து வைத்துவிட்டாள் என்று வீரபாகுவின் தாயார் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். விபூதிப் பொட்டலம் சாட்சியாயிற்று. இரண்டு நாளாக ராஜம்மாளை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவள் உங்களிடம் சொன்னாளாம்: "பக்கத்து வூட்டு நயினாரக் கேளுங்க சார். எறும்பக்கூட மிதிக்காத மனுசன், பொய் சொல்ல மாட்டாரு." அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். அவள் சொன்னது சரி. நான் பொய் சொல்வதில்லை. அவள் கலந்தது விபூதி மட்டும். மருந்தைக் கலந்தவன் நான், மூன்று தடவையும். நோட்டு என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

ஏட்டு எழுதியதை முழுக்கப் படித்துவிட்டேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. கடைசியில் மட்டும் வீரபாகுவைக் கொன்றது நான்தான் என்று ஒரு வரி. இதில் கையெழுத்துப் போட்டால்தான் ராஜம்மாள் வீட்டுக்குப் போக முடியும் என்கிறீர்கள். புரிகிறது. இங்கிருந்தே தெரிகிறது, விஷயம் தெரியாமல் கம்பிக்குப் பின்னால் நின்று என்னைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள். ஆனால் இந்தக் கையால் இதுவரை ஓர் உயிர்கூடப் போனதில்லை. அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதிக் கொண்டுவாருங்கள். அதுவரை அவள் உள்ளேயே இருக்கட்டும்.