ஏணி பிடிப்பவள்

முடிவெட்டும் கடைகளில் கிடக்கும் பழைய புத்தகங்களுக்கு அட்டை இருப்பதில்லை. கவனித்திருக்கிறீர்களா? நான் கவனிக்கவில்லை. அதனால்தான் இந்த மேசைக்கு அந்தப் பக்கம் நீங்களும் இந்தப் பக்கம் நானும் உட்கார்ந்திருக்கிறோம். தண்ணீர் இருக்கட்டும், அப்புறம் குடிக்கிறேன்.

காமிக்ஸ் கதைகளைத் திரைக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுவருகிற ஸ்டூடியோவுக்கு நான் தலைவன். தலைவன் என்றதும் நினைத்ததைச் செய்கிறவன் என்று எண்ணிவிடாதீர்கள். மேலிருந்து முதலாளி அமுக்குவார். கீழே செட் போடுகிறவர் முதல் சமையல்காரர் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் நசுங்குகிறவனுக்குத்தான் அந்தப் பெயர்.

'கூரைக்காரன்' என்ற காமிக்ஸ் உங்களுக்குத் தெரிந்திருக்காது. எப்போதோ மலிவுத் தாளில் வந்து நின்றுபோனது. பகலில் ஓடு மாற்றுகிற ஒருவன், இருட்டியதும் கூரை கூரையாகத் தாவித் திருடர்களைப் பிடிப்பான். அவன் தங்கை குட்டி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒவ்வொரு இதழும் அவள் பேச்சோடுதான் முடியும்: "இறங்குண்ணா, நான் பிடிச்சிருக்கேன்."

எழுதி வரைந்தவர் ஒருவரே. நாங்கள் ஓவியர் என்போம். மனைவி இல்லை, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகளோடு இருக்கிறார். சாது. உரிமையைக் கொடுக்கும்போது இரண்டே நிபந்தனைதான் போட்டார். மூலக் கதையில் இல்லாத மரணம் எதுவும் தொடரில் வரக் கூடாது. மூலத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்று சந்தேகம் வந்தால் அவர் சொல்வதே முடிவு. நான் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டேன். படைப்பாளிகளை மதிக்கிறவன் நான்.

செட் எழும்பியது. நடிகர்களின் தேதி வாங்கியாகிவிட்டது. அப்போதுதான் முதலாளி திரைக்கதையைப் படித்தார்.

"தங்கச்சி செத்தாதான் அண்ணனுக்குக் கோபம் வரும். கோபம் வந்தாதான் பாக்கிறவன் அடுத்த வாரமும் வருவான். முதல் பகுதியிலயே அவ போகணும். முடியலைன்னா தொடரை மூடிடுவோம். அப்புறம் உங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

ஓவியரிடம் போய் நின்றேன். நாலைந்து முறை போனேன். கெஞ்சினேன் என்றே எழுதிக்கொள்ளலாம். கடைசி முறை அவரே என் அறைக்கு வந்தார்.

"தம்பி, வில்லனுக்குக் கொம்பு வைங்க. கூரைக்காரனைப் பாட விடுங்க, ஆட விடுங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன். குட்டியை மட்டும் தொடாதீங்க."

ஏன் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். சிறுவயதில் அவருக்கு ஒரு தங்கை இருந்தாளாம். கூரையில் சிக்கிய பட்டத்தை எடுக்க ஏறியிருக்கிறாள். இவர் கீழே ஏணியைப் பிடித்திருக்கிறார்.

"தெருவுல சைக்கிள் மணி அடிச்சுது. திரும்பிப் பாத்தேன். கை தானா விட்டுடுச்சு, தம்பி. அவளே வழுக்கி விழுந்துட்டான்னுதான் வீட்ல எல்லாரும் நினைச்சாங்க. நான் திருத்தல. என் பொண்ணுக்குக்கூடத் தெரியாது. புத்தகத்துல அவளைக் கீழ நிறுத்திட்டேன். விழவே முடியாத இடத்துல."

அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். என் கண் கலங்கியது. அதை நான் நடிக்கவில்லை. காரில் வீடு திரும்பும்போதே எனக்கு வழி தெரிந்துவிட்டது.

மூலத்தில் இல்லாத மரணம் வரக் கூடாது என்றால், மூலத்தில் அது இருந்துவிட்டால் போதுமே. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

முதலில் வாசகர்களிடம் இருக்கிற பழைய இதழ்களைக் கொண்டுவரச் சொல்லி விளம்பரம் கொடுத்தோம். அருங்காட்சியகம் அமைக்கப்போகிறோம், கொண்டுவருகிறவர்களுக்கு முதல் காட்சிக்கு இலவச அனுமதி என்றோம். பொக்கிஷம் போலப் பொத்திவைத்திருந்தவர்கள்கூட வரிசையில் நின்று கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லாம் காகித ஆலையில் கூழாகிவிட்டது.

அடுத்து, காட்சிகளைப் படமெடுக்கும் முன்பே கட்டம் கட்டமாக வரைந்து தருகிற பெண் ஒருத்தி எங்களிடம் இருக்கிறாள். ஓவியரின் கோட்டைப் பார்த்துப் பார்த்து வரையக் கற்றவள். கதைக்குள் ஒரு பழைய புத்தகம் வருகிறது, அதற்கு இரண்டு பக்கம் வேண்டும் என்றேன். குட்டி ஏணியில் ஏறுகிறாள், கூரையில் பட்டம், தெருமுனையில் சைக்கிள் மணி, அண்ணன் திரும்புகிறான், கை விடுகிறது. வரைந்து கொடுத்துவிட்டு, "சார், இதை அவரே பாத்தாலும் தன்னோடதுன்னுதான் நினைப்பார்" என்று சிரித்தாள். அவள் மேல் வழக்குப் போடாதீர்கள். அவளுக்கு எதுவும் தெரியாது.

புதுத் தாளைப் பழையதாக்குவது எங்கள் கலைப் பிரிவுக்குத் தினசரி வேலை. தேயிலைத் தண்ணீரில் முக்கி நிழலில் காயப்போட்டால் போதும்.

மிச்சம் இருந்தது ஓவியரின் சொந்தப் பிரதிகள். அவரே துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம் என்றோம். நகலெடுத்தோம், திருப்பித் தந்தோம். எதைத் திருப்பித் தந்தோம் என்பதுதான் நீங்கள் கேட்கிற கேள்வி.

பிறகு கூட்டம் போட்டேன். முதலாளி, வக்கீல், இயக்குநர், எல்லோரும் இருந்தார்கள். ஓவியரை மகள் அழைத்துவந்திருந்தாள். குட்டி விழ மாட்டாள், அப்படி நான் வரையவே இல்லை என்று அவர் வழக்கம்போல ஆரம்பித்தார். அவர் பையிலிருந்த புத்தகத்தையே எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, அவர் முன்னால் மெதுவாக வைத்தேன்.

அவர் கைவிரல் சைக்கிள் மணியின் மேல் வந்து நின்றது. அப்புறம் நகரவில்லை.

"இது யாருக்கும் தெரியாதே. உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன், தம்பி?"

"என்கிட்டயா? எப்போ, சார்?"

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வேலை.

மகள் குனிந்து பார்த்தாள். "அப்பா, உங்க கோடுதானே இது? கட்டைவிரலை இப்படி மடக்கி நீங்கதானே போடுவீங்க?" என்றாள் கனிவாக. பிறகு என் பக்கம் திரும்பி, போன வாரம்கூட அப்பா அடுப்பை அணைக்க மறந்துவிட்டார் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். வயசானா அப்படித்தாம்மா, நல்ல டாக்டரா பாருங்க என்றேன். செலவை ஸ்டூடியோவே ஏற்றுக்கொள்ளும் என்றும் சொன்னேன். ஏற்றுக்கொண்டோம்.

ஓவியர் புத்தகத்தை மூடினார். யாரையும் பார்க்காமல், தனக்குச் சொல்லிக்கொள்வது போல, "ஆமா. நான்தான் வரைஞ்சிருக்கேன். அவ விழுந்துட்டா" என்றார். வக்கீல் அதைக் குறித்துக்கொண்டார்.

தொடர் நன்றாக ஓடியது. அந்தக் காட்சியில் வீடு வீடாக அழுதார்கள்.

அதற்குப் பிறகு அவர் வரையவில்லை. ஏதாவது வரைந்து கொடுங்கள் என்று கேட்டபோது, தன் கை என்ன செய்கிறது என்று தனக்கே தெரியவில்லை, பயமாக இருக்கிறது என்றார். மாத்திரைகளில் பாதி நாள் தூக்கம். மகள் முக்காலியில் ஏறி அலமாரியில் எதையாவது எடுத்தால் ஓடிவந்து முக்காலியைப் பிடித்துக்கொள்வாராம். அவள் இறங்கிச் சமையலறைக்குப் போன பிறகும் பிடித்தபடியே நிற்பாராம். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருக்கிறதாம். இதை அவள் என்னிடம்தான் போனில் சொல்லி அழுதாள். வேறு யாரிடம் சொல்வாள், பாவம்?

இனி உங்களுக்குத் தெரிந்த கதை. அப்பாவுக்கு முடிவெட்ட அழைத்துப்போனவள், முறை வரும்வரை பொழுதுபோகட்டும் என்று குவியலிலிருந்து ஒரு புத்தகத்தை உருவியிருக்கிறாள். அட்டை கிழிந்துபோனது, பெயர்கூட இல்லை. அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம் என்று கடைக்காரருக்கு எப்படித் தோன்றும்? நாங்கள் பக்கம் மாற்றிய அதே இதழ். அதில் குட்டி ஏணியில் ஏறவும் இல்லை, விழவும் இல்லை. கீழே நின்றுகொண்டு அண்ணனை இறங்கச் சொல்கிறாள்.

நீங்கள் மேசைமேல் வைத்திருப்பது அதுதான். தலைமுடி ஒட்டியிருக்கிறது, பாருங்கள்.

நான்தான் செய்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று எழுத வேண்டுமென்றால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதுதான் அசல், எங்கள் பக்கங்கள் போலி என்று நீங்கள் இவ்வளவு உறுதியாகச் சொல்வதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மகள் இதை அவரிடம் காட்டியபோது நீங்களும் கூட இருந்தீர்களே. ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைக் கொஞ்சம் தடவிக்கூடப் பார்த்தார். பிறகு மூடி அவள் கையில் கொடுத்தார்.

"யாரோ நல்லவன் வரைஞ்சிருக்கான்மா. அவன் தங்கச்சியை விடல. என்னோடது இது இல்ல. என் புத்தகத்துல அவ விழுந்துடுவா."

மூலத்தில் சந்தேகம் வந்தால் ஓவியர் சொல்வதே முடிவு என்று கையெழுத்துப் போட்டவன் நான். அந்த மரியாதையிலிருந்து ஒருநாளும் தவறியதில்லை.