ஜாமீன் கிடைத்து நாற்பத்தோராம் நாள்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் எத்திராஜ் ஐயா அவர்களே, பெங்களூரு ஜீவனஹள்ளியில் நம் தமிழ் மன்றத்தைத் தோளில் தூக்கி நிறுத்திய மூத்தோர்களே, மழலையை மடியிலும் மலைபோல் கவலையை மனத்திலும் சுமக்கும் தாய்மார்களே, வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த உரையை நேற்றிரவு ஒன்றரை மணிக்கு மேல்தான் எழுத முடிந்தது. மகள் சஹானா உறங்கவே இல்லை. சொல் தடுமாறினால் பொறுத்தருளுங்கள். தந்த தலைப்பு 'பெண்மையின் பெருமை'. நான் பேசப்போவது, சிறையில் இருப்பவர் யார் என்பது.

யார் இருக்கிறார்கள் சிறையில்? கொலைகாரர்களா? கொள்ளைக்காரர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டிய என் கணவர் சஞ்சய் உள்ளே போனார். பி.காம். படித்த நான், பார்வையாளர் வரிசையில் நின்றபடி கணக்கெடுத்தேன்.

முன்னே நின்றவர் ஆஸ்டின் டவுன் ஜோசஃபின் அக்கா.

"உங்க வீட்ல என்ன கேஸுக்கா?"

"ஆட்டோ பேட்டரி திருடுனானாம் என் புள்ள. தாடி வந்துடுச்சு அவனுக்கு, தீர்ப்பு வரல. உனக்கு என்ன கண்ணு?"

"லேப்டாப்புக்கா. யாரோ கேப்ல மறந்து வெச்சாங்களாம், காணோமாம்."

"மறந்தது அவங்க, மாட்டுனது உன் வீட்டுக்காரரா? நல்லாருக்கு!"

வரிசையே சிரித்தது. இருபத்தாறு பேரைக் கேட்டேன். கொலை வழக்கு இரண்டு. மற்றதெல்லாம் திருட்டு, அடிதடி, கஞ்சா. தீர்ப்பு வந்தது மூன்றே பேருக்கு. சொந்த வீடு உள்ளவர் ஒருவர்கூட இல்லை. நாட்டுக் கணக்கும் அதுதான்: சிறையில் நால்வரில் மூவர் தீர்ப்புக்குக் காத்திருப்பவர். தலித்துகள், பழங்குடிகள், முஸ்லிம்கள் ஊரில் இருக்கும் பங்கைவிட உள்ளே இருக்கும் பங்கு பெரிது. வெளியே போராடினாலும் கிடைக்காத இடம், உள்ளே கேட்காமலே கிடைக்கிறது!

கைதட்ட வேண்டாம் ஐயா. அந்தக் கையைக் கொஞ்சம் வைத்திருங்கள், பிறகு கேட்கிறேன்.

சஞ்சய்க்கு ஜாமீன் கிடைத்து இன்று நாற்பத்தோராம் நாள். கிடைத்துமா உள்ளே? கிடைத்தும் உள்ளேதான்! பெங்களூரில் சொத்துள்ள ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டுமாம். படித்தவள் அல்லவா நான்? வாணியம்பாடிக்கு ஓடி, அப்பாவின் நிலப்பட்டாவை வாங்கிவந்து பெருமையோடு நீட்டினேன். நீதிமன்ற எழுத்தர் பிரித்துக்கூடப் பார்க்காமல், பாதிக் கன்னடத்தில் சொன்னார்:

"ஏனம்மா இது, தமிழ்நாடு பட்டாவா? ஆகல்லா, இது ஆகாது. லோக்கல் ஜாமீன்தாரர் பேக்கு, வேணும். இங்க வீட்டுக்குக் காத்தா இருக்கறவங்களக் கூட்டிட்டு வாங்க."

படிப்பு இருந்தது, பட்டா இருந்தது, இந்த ஊர் மாநகராட்சியின் வீட்டுப் பதிவான பாழாய்ப்போன காத்தா இல்லை. குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அதுவரை வெளியே இருக்கலாம் என்று சொன்னதும் அதே நீதிமன்றம்தானே!

காத்தா உள்ளவர்கள் இந்த அரங்கில் இல்லையா? முன்வரிசை முழுவதும் இருக்கிறீர்கள். போன வாரம் நான்கு வீடுகளில் கேட்டேன். "காபி சாப்பிடும்மா" என்றீர்கள். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றீர்கள். ஒரு பெரியவர் சொன்னார்: "சத்தமா பேசாதம்மா, நம்ம ஜனங்க பேரு கெட்டுப்போயிடும்." தமிழுக்காக உயிரையும் தருவேன் என்று இதே மேடையில் முழங்கியவர் அவர். உயிர் வேண்டாம் ஐயா! ஒரே ஒரு கையெழுத்துத் தாருங்கள்!

நெளியாதீர்கள், தலைவரே. உங்கள் வீட்டுக் காபிக்கும் நன்றி. பேச இடம் தந்த மன்றத்துக்கும், பொறுமையாய்க் கேட்ட தாய்மார்களுக்கும் நன்றி, வணக்கம்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நீதிமன்றத்தில் நிற்பேன். என் எண் செயலாளரிடம் இருக்கிறது. யாராவது ஒருவர், தயவுசெய்து, சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.