தூங்க அனுமதி

காலை பத்தே காலுக்கு நான் தேநீர் குடிப்பேன். சர்க்கரை கிடையாது. அன்றும் அப்படித்தான்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் கண்டதையும் எழுதிக்கொள்வீர்கள். மருத்துவமனையின் அடித்தளத்தில் ஒரு பெரிய கணினி இருக்கிறது. அதற்குள் பல கணினிகள் குடியிருக்கின்றன. கையால் தொட முடியாதவை. ஆனால் ஒவ்வொன்றும் தன்னைத் தனி இயந்திரம் என்றே நம்பிக்கொண்டிருக்கும். எங்கள் தொழிலில் அவற்றை விருந்தாளிகள் என்போம். அவற்றை மேய்க்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அது என் பொறுப்பு.

வேலை இல்லாத விருந்தாளி, தூங்கட்டுமா என்று கேட்கும். ஹைப்பர்வைசர் சரி என்றால் அந்த நொடியே உறைந்துவிடும். எழுப்பும்வரை அதற்கு உலகம் இல்லை. முடியாது என்றால் முணுமுணுக்காமல் விழித்திருக்கும். மனிதர்களைவிட மரியாதை தெரிந்தவை.

நோயாளிகளின் அழைப்பு மணியை நடத்தும் விருந்தாளியை அமைத்தவன் என் மச்சினன். தூக்க அமைப்பை அணைக்க மறந்திருந்தான். கொஞ்ச நேரம் மணி அடிக்காவிட்டால் போதும், அனுமதி கேட்க வந்துவிடும். வார்டின் மணி தூங்கலாமா? மறுத்துவிடு என்று ஹைப்பர்வைசரில் ஒரு வரி எழுதி வைத்தேன். வருடக்கணக்கில் அவன் மானத்தைக் காப்பாற்றியது அந்த ஒரு வரி.

அவனிடம் சொன்னேன். சிரித்தான்.

“அத்தான், அதெல்லாம் நீங்க பாத்துக்க மாட்டீங்களா? யார் தூங்குறா, யார் முழிச்சிருக்கான்னு பாக்குற வாட்ச்மேன் வேலைதானே உங்களுக்கு.”

பக்கத்திலிருந்த மாமனார் தொடையைத் தட்டிச் சிரித்தார். “மாப்பிள்ளை கம்ப்யூட்டருக்குத் தாலாட்டு பாடுறாருடா. நீ வேற கெடுத்துடாதே.”

அவருக்கு மகன் செய்வதெல்லாம் கண்டுபிடிப்பு. மூச்சுத் திணறி அதே வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபோதும், ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு மணிப் பொத்தானைத் தூக்கிக் காட்டினார்.

“என் பையன் செஞ்சது. அமுக்கினா பறந்து வருவாங்க. உங்களால இப்படி ஒண்ணு முடியுமா, மாப்பிள்ளை?”

முடியாது என்றேன். பணிவு எனக்கு இயல்பு.

மறுநாள் காலை, மறுத்துவிடு என்ற அந்த வரியை நீக்கினேன். எதையும் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். என் தயவு இல்லாமல் அவன் இயந்திரம் எப்படி ஓடுகிறதென்று எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். தேநீரைக் கலக்கும்போது கோரிக்கை வந்தது. ஹைப்பர்வைசர் சரி என்றது. மணி அடித்தால் தானே எழுந்துகொள்ளவும் ஒரு வழி உண்டு. அதை அவன் அமைத்திருக்கவில்லை. கண்டுபிடிப்பாளர் அல்லவா.

தூங்கும் விருந்தாளிக்கு வரும் அழைப்புகள் என் திரையில் வரிசையாக நிற்கும். ஒன்று வந்து நின்றது. ஜன்னலோரக் கட்டில். அவர் தண்ணீருக்கும் மணி அடிப்பவர். பக்கத்துக் கட்டில்காரருக்குக் காட்டவும் அடிப்பவர். பிறகு இன்னொன்று. எழுப்ப ஒரு விசை போதும். விரல் அதன்மேல்தான் இருந்தது. தேநீர் ஆறினால் எனக்குப் பிடிக்காது. மூன்றாவதற்குப் பின் எதுவும் வரவில்லை. தம்ளரைக் கழுவி வைத்தேன்.

அப்போதாவது எழுப்பியிருக்கலாம். ஆனால் காத்திருந்த அழைப்புகள் அடுத்தடுத்து ஒலிக்கும். செத்தவர் கட்டிலிலிருந்து மணி அடித்தால் செவிலியர் பயந்துபோவார். அந்தப் பெண்மேல் எனக்கு என்ன கோபம்? அதனால் எழுப்பாமல், புதிதாகத் துவக்கினேன். காத்திருந்த வரிசை அழிந்தது. நீக்கிய வரியையும் திரும்பச் சேர்த்தேன். மணியைச் சோதித்தார்கள், நன்றாக அடித்தது. அவர் பொத்தானைத் தொடவே இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள். மச்சினன் உடனே நம்பினான். நம்பாவிட்டால் தன்னையல்லவா சந்தேகிக்க வேண்டும்.

அவன் குறையை அம்பலப்படுத்தத்தானே செய்தாய், பிறகு ஏன் மறைத்தாய் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறது.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தூக்கம் கேட்ட விருந்தாளிக்குக் கேட்டதைக் கொடுத்தேன் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

என் மனைவிக்கும் நல்லதையே நினைத்தேன். எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். அப்பா எவ்வளவு தவிச்சாரோ என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ரொம்பத் தவிக்கல. மூணு தடவைதான் அமுக்கினார்.”

அழுகையை நிறுத்தினாள். கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

“மூணு தடவைன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?”